கேரவன் பின்னால் தார் ஜீப்பைக் கட்டுமுன்

அண்ணாச்சி, ஆட்டோமேட்டிக் தார் ஜீப்பை நான்கு சக்கரமும் தரையில் உருள, கேரவனுக்குப் பின்னால் கட்டிக் குற்றாலம் வரை இழுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பெரிய கியர் லீவரை மட்டும் நியூட்ரலில் போட்டு இழுத்துவிடாதீர்கள். என்ஜின் ஓடினால்தான் கியர்பாக்ஸுக்குள் ஆயில் பம்பு சுற்றும். அது நிற்கும்போது சக்கரம் உள்ளிருக்கும் பல்லைச் சுழற்றினால் எல்லாம் காய்ந்து தேயும். என் மச்சான் வண்டியை அப்படித்தான் இழுத்துப்போய் ஆலங்குளம் தாண்டி நிறுத்தினோம். அடியில் குனிந்தால் கருகிய ஆயில் நெடி, கை வைக்க முடியாத சூடு.

பக்கத்தில் இருக்கும் 4x4 லீவரும் (நான்கு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்து அனுப்புவது) நியூட்ரலுக்கு வரவேண்டும். அப்போதும் வண்டிக் கையேடு அனுமதித்தால் மட்டும் இழுங்கள். சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், கவனம். அப்புறம், கட்டி இழுக்கக் கயிறு வேண்டவே வேண்டாம், வளையாத இரும்புத் தண்டுதான். என்ஜின் நின்ற ஜீப்பில் பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும். அத்தனை எடையையும் கேரவன் பிரேக்தான் தாங்கவேண்டும். கையேட்டில் அனுமதி இல்லையென்றால் தட்டையான தளமுள்ள பிளாட்பெட் லாரியில் ஏற்றிவிடுங்கள்.