நியூயார்க்கில் உடம்புக்கு முடியாமல் போனால் எந்த வாசலுக்குப் போவது?

கேள்வி: நானும் மனைவியும் நான்கு மாதம் மகள் வீட்டில் தங்க நியூயார்க் போகிறோம். மகள் குடியிருப்பது குவீன்ஸ் பகுதியில். பகலில் அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள். எனக்கு வயது 67. பத்து வருடமாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. மனைவிக்குத் தைராய்டு, முழங்கால் வலி. ‘அங்கே ஜுரம் வந்தாலே லட்சக்கணக்கில் தீட்டிவிடுவார்கள்’ என்று போய் வந்தவர்கள் பயமுறுத்துகிறார்கள். அவசரத்துக்கு எங்கே போவது? நம் ஊர் மருந்துச் சீட்டு அங்கே செல்லுமா? மனைவியின் முழங்காலை அங்கேயே ஒரு நல்ல டாக்டரிடம் காட்டிவிடலாமா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: போய் வந்தவர்கள் சொல்வது முழுப் பொய் இல்லை. ஆனால் அந்த லட்சம் ஜுரத்துக்கு விழுந்ததல்ல, ஜுரத்தோடு நுழைந்த வாசலுக்கு விழுந்தது. உங்கள் திருச்சி தில்லை நகரில் சாயங்காலம் எந்த டாக்டரின் கிளினிக்கிலும் டோக்கன் வாங்கி உட்கார்ந்துவிடலாம். நியூயார்க்கில் தனி டாக்டரைப் பார்க்க முன்பதிவு வேண்டும். புது நோயாளிக்குச் சில வாரம் கழித்துத்தான் நேரம் கிடைப்பதும் உண்டு. விவரம் தெரியாதவர்கள் பதறிப்போய் நேரே பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுகிறார்கள். தொண்டை வலிக்குப் போனாலும் அங்கே மருத்துவமனைக்கு ஒரு பில், பார்த்த டாக்டருக்கு ஒரு பில், ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, எக்ஸ்ரேயைப் படித்துச் சொன்னவருக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும். அதோடு, வந்த வரிசையில் பார்க்க மாட்டார்கள். நோயின் கடுமையை ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரித்து, ஆபத்தில் இருப்பவரை முதலில் அழைப்பார்கள். தொண்டை வலிக்காரர் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

உங்களுக்குத் தேவைப்படக்கூடிய வாசல் பெரும்பாலும் அர்ஜென்ட் கேர். கடைத்தெருவில், மருந்துக் கடைக்குப் பக்கத்தில் ஒரு கடைபோலவே இருக்கும். சிட்டிஎம்டி என்ற பெயர்ப் பலகையை நகரம் முழுக்கப் பார்க்கலாம். முன்பதிவு தேவையில்லை. ஜுரம், இருமல், சிறுநீர்த் தொற்று, வயிற்றுப்போக்கு, சுளுக்கு, இரண்டு தையல் போடும் அளவுக்கு வெட்டுக்காயம் ஆகியவற்றுக்கு இதுவே போதும். எக்ஸ்ரே வசதியும் பெரும்பாலும் உண்டு. காப்பீடு இல்லாமல் கையிலிருந்து கட்டினாலும் டாக்டர் கட்டணம் பொதுவாகச் சில நூறு டாலருக்குள் முடியும், பரிசோதனைகளுக்குத் தனி. போகுமுன் ஃபோன் செய்து ‘நேரடியாகக் கட்டினால் எவ்வளவு?’ என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அங்கே எல்லோரும் கேட்பதுதான். இரவில் மூடிவிடுவார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இராத்திரி பத்து மணிக்கு வரும் சந்தேகங்களுக்கு, நகர அரசு மருத்துவமனைகளின் அமைப்பான என்ஒய்சி ஹெல்த் ப்ளஸ் ஹாஸ்பிட்டல்ஸ் நடத்தும் எக்ஸ்பிரஸ்கேர் என்ற சேவை இருக்கிறது. ஃபோனிலோ வீடியோவிலோ டாக்டரிடம் பேசலாம். மகளிடம் சொல்லி அந்த எண்ணை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சிக்கனக் கணக்கை அடியோடு மறந்துவிட வேண்டிய நேரங்களும் உண்டு. நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல், முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தொங்கிப்போவது, பேச்சு குழறுவது, நினைவு தப்புவது. சர்க்கரை உள்ளவருக்கு மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாமலும் வரும். காரணமில்லாத வியர்வை, களைப்பு, மூச்சு வாங்குதல் என்று மட்டுமே தெரியலாம். ‘வாயுவாக இருக்கும், மகள் வரட்டும்’ என்று காத்திருக்கக் கூடாத ஆள் நீங்கள். அங்குள்ள அவசர உதவி எண்ணான 911-ஐ உடனே அழையுங்கள். அர்ஜென்ட் கேருக்கும் போகாதீர்கள். அவர்கள் ஈசிஜி எடுத்துப் பார்த்து ஆம்புலன்ஸை வரவழைத்துப் பெரிய மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள். நேரம் போகும், பில்லும் இரண்டாகும்.

அவசரப் பிரிவில் ‘முதலில் பணம்’ என்று யாரும் நிறுத்த முடியாது. 1986-இல் வந்த எம்டாலா என்ற மத்திய அரசுச் சட்டத்தின்படி, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரை ஏற்கும் மருத்துவமனைகள், அவசரப் பிரிவுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் பரிசோதித்து, ஆபத்து நிலை நீங்கும்வரை சிகிச்சை தர வேண்டும். கையில் காசு இருக்கிறதா, காப்பீடு இருக்கிறதா, எந்த விசாவில் வந்தவர் என்பதெல்லாம் அதற்குத் தடையில்லை. இலவசம் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். பில் பின்னால் தபாலில் வரும். இந்தச் சட்டம் தெருமுனை அர்ஜென்ட் கேரைக் கட்டுப்படுத்துவதுமில்லை.

நீங்களும் துணைவியாரும் பகலில் தனியாக இருப்பீர்கள் என்பதால், 911 எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் அந்த எண்ணுக்குப் பேச முடியாது. சாதாரண அழைப்பாகத்தான் செய்ய வேண்டும். திட்டம் எதுவும் இல்லாத கைபேசியிலிருந்தும், சிக்னல் இருந்தால், 911 போகும். எடுத்ததும் முகவரியைச் சொல்லுங்கள். குவீன்ஸில் இதுதான் சிக்கல். அங்கே 60-ஆம் ஸ்ட்ரீட், 60-ஆம் அவென்யூ, 60-ஆம் ரோடு, 60-ஆம் டிரைவ் என்று ஒரே எண்ணில் பல தெருக்கள் உண்டு. வீட்டு எண்ணும் நடுவில் கோடு போட்டு இரண்டு பகுதியாக இருக்கும். ‘அறுபதாவது தெரு’ என்று மட்டும் சொன்னால் ஆம்புலன்ஸ் எங்கோ போய் நிற்கும். முழு முகவரி, அருகில் குறுக்கே போகும் தெரு, மாடி, கதவு எண், மகளின் ஃபோன் எண் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். துணைவியாருக்கு ஆங்கிலம் ஓடாது என்றால் ‘டமில்’ என்ற ஒரு சொல் போதும். மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்ப்பார்கள். ஒட்டிய முகவரியை அவரை ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பதற்றத்தில் வீட்டு எண் மறந்துபோவது எந்த ஊரிலும் நடக்கும்.

108 இலவசம் என்று பழகிய நமக்கு ஆம்புலன்ஸ் பில் ஓர் அதிர்ச்சிதான். ஆயிரம் டாலரைத் தாண்டும். எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதும் முழுக்க உங்கள் விருப்பமில்லை; அருகில் உள்ள, அந்த நோய்க்குத் தகுந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். கால் சுளுக்கு என்றால் வாடகைக் காரில் போகலாம். மேலே சொன்ன அறிகுறிகள் என்றால் மாப்பிள்ளையின் காரில்கூடப் போகாதீர்கள். ஆம்புலன்ஸில் வருபவர்கள் வழியிலேயே சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள்.

குவீன்ஸில் ஜாக்சன் ஹைட்ஸ் பக்கம் மகள் வீடு என்றால் எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனை அருகில் இருக்கும். நகர அரசு நடத்துவது. கடுமையான விபத்துக் காயங்களுக்கான உச்சநிலை (லெவல் 1) மையமும்கூட. வந்து குடியேறியவர்கள் நிறைந்த பகுதி அது. ஊழியர்களுக்கு உலகத்து மொழிகளெல்லாம் பழக்கம். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் பக்கம் என்றால் நியூயார்க்-பிரெஸ்பிடேரியன் குவீன்ஸ். இந்த மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமில்லாமல் கேட்கலாம். ஃபோன் வழியாகத் தமிழில் பேசுவார்கள். மகள் இருக்கிறாளே என்று இதை மறுத்துவிடாதீர்கள். அறுவை சிகிச்சையா, ரத்தம் ஏற்றுவதா என்று முடிவெடுக்கும் நேரத்தில், கண் கலங்கி நிற்கும் மகள் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது மருந்துச் சீட்டு. நம் ஊர்ச் சீட்டு அங்கே செல்லாது. அமெரிக்காவில் உரிமம் பெற்ற டாக்டர்தான் எழுத வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் 2016 முதல் அவர் கணினி வழியாக நேரே மருந்துக் கடைக்கு அனுப்புவதுதான் விதி. ‘எந்த மருந்துக் கடை?’ என்று கேட்பார்கள். மகள் வீட்டருகே உள்ள கடையின் பெயரையும் தெருவையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஆண்டிபயாடிக்கூட அங்கே சீட்டு இல்லாமல் கிடைக்காது.

ஆகவே மருந்தைக் கையோடு கொண்டுபோவதே வழி. அமெரிக்க மருந்துத் துறையின் பொதுவான வழிகாட்டுதல் 90 நாளுக்கான மருந்து வரை. உங்களுடையது நான்கு மாதப் பயணம். மீதி ஒரு மாதத்துக்கானதைத் தபாலில் வரவழைக்கலாம். உள்ளே மருந்துச் சீட்டு, டாக்டரின் ஆங்கிலக் கடிதம், பாஸ்போர்ட், விசா நகல்கள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுங்கத்தில் நின்றுவிடும். மெட்ஃபார்மின், அம்லோடிபின் போன்றவை அங்கேயும் மலிவுதான்; ஒரு முறை டாக்டரைப் பார்த்து எழுதி வாங்குவதும் பெரிய செலவில்லை.

மருந்துக் கடைக்காரர் மாத்திரை அட்டையை வெட்டித் தருவார் அல்லவா? அதை இந்த முறை தடுத்துவிடுங்கள். ஒரு பெரியவர் பெயர் இல்லாத அட்டைத் துண்டுகளை ஒரு டப்பாவில் கொண்டுவந்து ‘வெள்ளை காலையில், மஞ்சள் ராத்திரியில்’ என்றார். எதை எதோடு கொடுக்கலாம் என்று பார்ப்பதற்கே அன்று பாதிப் பொழுது போயிற்று. முழு அட்டையாக, கடை ரசீதோடு வாங்கி, கைப்பையில் வையுங்கள். நம் டாக்டர்கள் எழுதும் 1-0-1 குறிப்பு அங்கே பலருக்குப் புரியாது. பிராண்டு பெயர்களும் புரியா. கிளைகோமெட் ஜிபி என்றால் விழிப்பார்கள். மெட்ஃபார்மின், கிளிமெபிரைட் என்று மூலப்பெயரும் மில்லிகிராமும் வேண்டும். எக்கோஸ்பிரின் 75 என்பது அங்கே 81 மில்லிகிராம் ஆஸ்பிரின். டோலோவில் இருக்கும் பாராசிட்டமாலுக்கு அங்கே அசிட்டமினோஃபென் என்று பெயர். டைலனால் என்று கடையில் அடுக்கிவைத்திருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து விழுங்கினால் ஈரல் கெடும். நம் ஊரில் சர்க்கரைக்குத் தாராளமாக எழுதப்படும் வில்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின், கிளிக்லசைடு மூன்றும் அமெரிக்காவில் விற்பனையில் இல்லை. உங்கள் சீட்டில் இவற்றில் ஒன்று இருந்தால், தீர்ந்துபோனால் அதற்குப் பதில் எது என்று இங்கேயே உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். சர்க்கரை அளவுக்கு இரண்டு நாட்டிலும் ஒரே அலகு. அந்த மட்டில் தொல்லையில்லை.

காப்பீடு. சுற்றுலா விசாவுக்கு அது கட்டாயமில்லை. உங்கள் வயதில் அது இல்லாமல் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் விளம்பரத்தில் உள்ள பெரிய தொகையைப் பார்த்து வாங்காதீர்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று வரம்பு வைத்த மலிவுப் பாலிசிகள் நியூயார்க் பில்லில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. முழுச் செலவில் பெரும்பகுதியை ஏற்கும் வகையைக் கேளுங்கள். அடுத்து, ஏற்கெனவே உள்ள நோய். உங்கள் சர்க்கரையும் அழுத்தமும் சாதாரணப் பாலிசியில் விலக்கப்பட்டிருக்கும். மாரடைப்பு வந்தால் ‘பழைய ரத்த அழுத்தத்தின் விளைவு’ என்று கைவிரிக்க இடமுண்டு. பழைய நோய் திடீரென்று முற்றினால் ஏற்போம் என்ற பிரிவு சில பாலிசிகளில் இருக்கிறது. அதில் எத்தனை மணி நேரத்துக்குள் மருத்துவமனை போக வேண்டும், எந்த வயது வரை என்று பாருங்கள். 70 வயதைத் தாண்டியவர்களுக்குத் தொகை பெரும்பாலும் சுருங்கிவிடும். உங்களுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. விண்ணப்பத்தில் சர்க்கரையை மறைத்தால் கட்டிய பணம் வீண்.

பில் வந்ததும் கட்டிவிடாதீர்கள். வரி வரியாகப் பிரித்த பில்லைக் கேளுங்கள்; காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய்விட்டதா என்று பாருங்கள்; அதன் பிறகு மருத்துவமனையின் நிதி உதவிப் பிரிவை அழைத்துத் தள்ளுபடி, தவணை பற்றிப் பேசுங்கள். லாப நோக்கில்லா மருத்துவமனைகள் எழுத்து வடிவில் உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வெளிநாட்டு விருந்தினருக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது இடத்துக்கு இடம் மாறும், கேட்டால்தான் தெரியும். சேர்க்கைப் படிவத்தில் ‘கட்டணத்துக்குப் பொறுப்பேற்பவர்’ என்ற இடத்தில் மகள் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். ஊர் திரும்பிய பிறகும் மாதக்கணக்கில் பில்கள் மகள் முகவரிக்கு வந்துகொண்டிருக்கலாம்.

பல்லை இங்கேயே பார்த்துவிட்டுப் போங்கள். பயணக் காப்பீடு வழக்கமான பல் சிகிச்சையைப் பெரும்பாலும் தொடாது. அங்கே போய் வலி கண்டால், மன்ஹாட்டனில் கிழக்கு 24-ஆம் தெருவில் உள்ள நியூயார்க் பல்கலைக்கழகப் பல் மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் பார்ப்பார்கள். தனியார் கட்டணத்தைவிடக் குறைவு.

முழங்கால்? வேண்டாம். பழைய வலி என்பதால் காப்பீடு ஒரு டாலர்கூடத் தராது. எலும்பு நிபுணரிடம் நேரம் கிடைக்கவே சில வாரம் ஆகலாம். புறப்படுமுன் தில்லை நகரிலேயே காட்டி, எக்ஸ்ரே எடுத்து, பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு போகட்டும். குவீன்ஸில் மின்தூக்கி இல்லாத மாடி வீடுகளும், லிஃப்ட் இல்லாத சுரங்க ரயில் நிலையங்களும் நிறைய. மகள் வீடு எத்தனாவது மாடி என்று முதலில் கேளுங்கள்.