வரத்து நின்றதா, மறுகால் பாய்ந்ததா?

கேள்வி: தக்கலை அருகே பள்ளி ஆசிரியை நான். விண்மீன் திரள்கள் புது விண்மீன்களை உருவாக்குவது ஏன் நிற்கிறது என்று கண்காட்சிக்கு மாதிரி செய்கிறோம். வாயு வரத்து நின்றுவிடும் என்கிறாள் ஒரு மாணவி. கருந்துளை வாயுவை வெளியே தள்ளிவிடும் என்கிறாள் இன்னொருத்தி. எதைக் காட்டுவது?

பதில்: இரண்டையும் காட்டுங்கள், டீச்சர். இரண்டுமே வானில் நடக்கின்றன.

நம் ஊர்க் குளமே போதும். சானலில் வரும் தண்ணீர், வெளியிலிருந்து திரளுக்குள் விழும் வாயு. மடை வழியே வயலுக்குப் போவது விண்மீனாகும் வாயு. வெடிக்கும் விண்மீன்களும் கருந்துளையும் தள்ளிவிடுவது மறுகால். நம் பால்வழியில் ஆண்டுக்குச் சுமார் 1 முதல் 2 சூரிய நிறை வாயு விண்மீனாகிறது. கைவசம் உள்ள மூலக்கூறு வாயுவோ, அதாவது விண்மீனாகக்கூடிய குளிர்ந்த வாயுவோ, ஏறக்குறைய 100 கோடி சூரிய நிறைதான். அணுநிலை ஹைட்ரஜனைச் சேர்த்தாலும், 1,000 கோடி ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் வேலைக்குக் கணக்கு உதைக்கும். வரத்து இருந்தே ஆகவேண்டும்.

விண்மீன் உருவாவது எப்படி நின்றது என்று கண்டுபிடிக்கும் வழிதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். குளத்துக்குப் பதிலாக, குழாயில் தண்ணீர் வரும் ஒரு தொட்டியை வையுங்கள். அதிலிருந்து ஒவ்வொரு குவளை தண்ணீர் எடுக்கும்போதும் ஒரு சொட்டு நீலம் விடச் சொல்லுங்கள். விண்மீன்கள் வாயுவில் கலக்கும் ஆக்சிஜன், இரும்பு போன்றவை அது. குழாய் திறந்திருக்கும்வரை புதுத் தண்ணீர் நிறத்தை வெளிறவைக்கும். மூடினால், நன்னீர் வராத புத்தளம் உப்பளப் பாத்தியில் உப்பு ஏறுவதுபோல நீலம் ஏறும். தொட்டியைச் சட்டென்று கவிழ்த்தால் ஏற நேரமே இருக்காது. 2015இல் கேம்பிரிட்ஜ், எடின்பரோ ஆய்வாளர்கள் 26,000க்கும் மேற்பட்ட திரள்களில் இந்த 'நீலத்தை' அளந்தார்கள். ஓய்ந்துபோன நடுத்தரத் திரள்களில் அது தூக்கலாக இருந்தது. வரத்து நின்று, சுமார் 400 கோடி ஆண்டுகளில் மெல்ல அடங்கியவை அவை என்று முடிவுசெய்தார்கள்.

இரண்டாம் மாணவியின் பேச்சில் ஒரு திருத்தம். பெரிய திரள்களில் கருந்துளை வாயுவைத் தள்ளுவதைவிடச் சூடாக்கி வைப்பதே அதிகம். கன்னி ராசிப் பக்கம், சுமார் 5.4 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள எம்87 என்ற பெரிய திரளைச் சூழ்ந்து ஏராளமான வாயு இருக்கிறது. கோடிக்கணக்கான டிகிரிச் சூட்டில் எக்ஸ் கதிர் வீசுகிறது. ஆறினால்தானே உள்ளே விழும்? இதற்குத் தொட்டி பக்கத்தில் ஒரு கெட்டிலைக் கொதிக்க வையுங்கள். ஆவியும் தண்ணீர்தான், ஆனால் தொட்டிக்குள் வராது. கெட்டிலை மட்டும் பிள்ளைகளிடம் விடாமல் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.