மகனுக்கு மெல்போர்னுக்குப் பணம் அனுப்ப வேண்டும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்லும் வழியில் போகலாமா?

கேள்வி: வணக்கங்க. கோபி பக்கம் விவசாயம். மகன் மெல்போர்னில் வேலையில் இருக்கிறான், பிஆர் (அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) கிடைத்துவிட்டது. மே மாதம் அங்கே வீடு வாங்குகிறான், 36 லட்சம் அனுப்பச் சொல்கிறான். என் கணக்கில் 22 லட்சம் இருக்கிறது, அதில் 20 லட்சம் போன வருசம் பூர்வீக நிலம் ஒன்றரை ஏக்கர் விற்றது. வீட்டுக்காரி பெயரில் 14 லட்சம் டெபாசிட். பேங்கில் 20 சதவீதம் வரி பிடிப்போம் என்கிறார்கள், ஏழு லட்சத்துக்கு மேல் போய்விடும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மகனும் அதே ஊரில் இருக்கிறான். அவன் அங்கே டாலரைக் கொடுத்துவிடுவான், நீங்கள் ரூபாயை இங்கே என்னிடம் கொடுங்கள், பேங்கே வேண்டாம் என்கிறார். முப்பது வருசப் பழக்கம், ஏமாற்றுகிற ஆள் இல்லை. செய்யலாங்களா? மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்து சீரெல்லாம் குறைவில்லாமல் செய்தாகிவிட்டது, அதனால் அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை.

பதில்: செய்யாதீங்க ஐயா. பக்கத்துத் தோட்டத்துக்காரர் நல்லவரா கெட்டவரா என்பது இதில் கேள்வியே இல்லை, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த வழி சட்டத்துக்கு விரோதம். அவர் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. நம் பக்கத்தில் பல பேர் இதை ஒத்தாசை என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். கமிஷன் இல்லை, ஏஜென்ட் இல்லை, அப்புறம் எப்படி இது ஹவாலா ஆகும் என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999, பிரிவு 3 என்ன சொல்கிறது என்றால், வெளிநாட்டில் வசிக்கும் ஒருவருக்காகவோ, அவர் சொல்படியோ பணம் கொடுப்பதும் வாங்குவதும் ரிசர்வ் வங்கி அனுமதித்த வழியில்தான் நடக்க வேண்டும், அதாவது உங்களுக்கும் எனக்கும் பேங்க் வழியாக. இங்கே ரூபாய் கைமாறி அங்கே டாலர் கைமாறினால், எல்லையைத் தாண்டி ஒரு பைசா போகாவிட்டாலும் அது மீறல்தான். பிரிவு 13-ன்படி சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம். 36 லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் 1 கோடியே 8 லட்சம். கொடுத்த நீங்களும் மாட்டுவீர்கள், வாங்கிய அவரும் மாட்டுவார். போட்ட அபராதத்தை நோட்டீஸ் வந்த 90 நாளுக்குள் கட்டாவிட்டால் சிவில் சிறை வரைக்கும் போக இடம் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்தால் அது தனிக் கதை: இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கியவருக்கு, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் என்று வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது.

சரி, யாருக்குத் தெரியப் போகிறது என்று தோன்றலாம். மெல்போர்னில் தெரியும். உங்கள் மகன் வீட்டுக் கடன் வாங்கப் போகிறார். கடன் கொடுக்கிற பேங்க் முன்பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும், பெற்றோர் கொடுத்தது என்றால் பெற்றோர் கையெழுத்துப் போட்ட அன்பளிப்புக் கடிதம் கேட்கும், கணக்கு அறிக்கையில் அந்தப் பணம் யாரிடமிருந்து வந்தது என்று பார்க்கும். கடிதத்தில் உங்கள் பெயர் இருக்கும், கணக்கில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மகன் பெயர் இருக்கும். உங்கள் பையன் என்ன விளக்கம் சொல்வார்? பொய் சொல்லவும் முடியாது, உண்மையைச் சொல்லவும் முடியாது.

காங்கேயம் பக்கம் இருந்து ஒருவர் சில வருசத்துக்கு முன்னால் என்னிடம் வந்தார். இதே மாதிரி மாற்று. இவர் இங்கே மொத்த ரூபாயையும் கொடுத்துவிட்டார், அங்கே பாதி டாலர்தான் வந்தது, மீதிக்கு ரேட் ஏறிவிட்டது, பிறகு பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். ஒரு பழைய டைரித் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதில் நீல மையில் மூன்று தேதி, மூன்று தொகை, கீழே வாங்கியவர் போட்ட சுருக்கொப்பம், அவ்வளவுதான். இதை வைத்துக் கேஸ் போடுங்கள் என்றார். என்னால் போட முடியவில்லை. சட்டம் தடுத்த காரியத்துக்காகச் செய்த ஒப்பந்தம் 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் பிரிவு 23-ன்படி செல்லாது, அதை நிறைவேற்றித் தரச் சொல்லி எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது. அந்தத் தாளை அவர் திரும்ப மடித்து வைத்ததை நான் இன்னும் மறக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு அழுத்தமாக எழுதுகிறேன்.

இனி உங்களைப் பயமுறுத்திய அந்த 20 சதவீதத்துக்கு வருவோம், ஏனென்றால் அந்தப் பயம்தான் உங்களைத் தோட்டத்து வரப்புக்கு அனுப்பியிருக்கிறது.

முதலில், அது உங்கள் பணத்தில் போய்விடுகிற வரி இல்லை. டிசிஎஸ் என்று பேங்கில் சொல்வார்கள், முன்கூட்டியே வசூலித்து உங்கள் பான் எண்ணில் வரவு வைப்பது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், வரியே இல்லை என்றால் முழுதும் திரும்பி வரும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் நீங்கள் இதுவரை கணக்கே தாக்கல் செய்யாமல் இருந்திருக்கலாம். டிசிஎஸ் பிடித்த வருசம் தாக்கல் செய்துதான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பணம் அரசிடமே நின்றுவிடும். விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் சஹஜ் (ஐடிஆர்-1) என்கிற எளிய படிவம் பொருந்தாது, ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, 20 சதவீதம் மொத்தத் தொகைக்கும் இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல், ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்புவதில் முதல் 10 லட்சத்துக்கு டிசிஎஸ் கிடையாது, அதைத் தாண்டிய பகுதிக்குத்தான். படிப்புக்கும் வைத்தியத்துக்கும் விகிதம் இதைவிட நன்றாகக் குறைவு, ஆனால் உங்களுடையது அன்பளிப்பு, அதற்கு 20. ஆக 36 லட்சத்தையும் நீங்கள் ஒருவரே ஒரே வருசத்தில் அனுப்பினால் 26 லட்சத்துக்கு 20 சதவீதம், 5 லட்சத்து 20 ஆயிரம். அதை அனுப்பும் தொகைக்கு மேல் தனியாகக் கட்ட வேண்டும் என்பதுதான் சிரமம், பிறகு திரும்பி வரும் என்றாலும்.

ஆனால் அந்தச் சிரமமும் உங்களுக்குத் தேவையில்லை. 10 லட்சம் என்பது ஆளுக்கு, வருசத்துக்கு. இன்னும் மார்ச் 31 வரவில்லை. நீங்கள் இப்போது 10 லட்சம், உங்கள் வீட்டம்மா அவர் கணக்கிலிருந்து 10 லட்சம். ஏப்ரல் பிறந்ததும் நீங்கள் 10 லட்சம், அவர் 6 லட்சம். மொத்தம் 36, டிசிஎஸ் ஒரு ரூபாய் இல்லை, மகன் மே மாதம் கட்ட வேண்டியதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். அவரிடம் 14-தான் இருக்கிறது, 2 லட்சம் குறைகிறது, அதை நீங்கள் அவருக்கு செக்காகவோ கணக்கு மாற்றாகவோ கொடுத்துவிடுங்கள், கணவன் மனைவிக்குக் கொடுப்பதற்கு அன்பளிப்பு வரி கிடையாது. ஒரு பேங்கில் 10, வேறொரு பேங்கில் இன்னொரு 10 என்று நீங்களே இரண்டாக உடைக்கப் பார்க்காதீர்கள், எல்லாம் ஒரே பான் எண்ணில் சேரும்.

அனுப்பும் உரிமை எவ்வளவு என்று பார்த்தால், ரிசர்வ் வங்கி 2004-ல் கொண்டுவந்த திட்டம், பேங்கில் எல்ஆர்எஸ் என்பார்கள், இப்போது ஆளுக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர். நீங்கள் அதன் பக்கத்தில்கூட இல்லை.

பேங்கில் ஏ2 என்று ஒரு படிவம் தருவார்கள். பான் கட்டாயம். இந்த நிதியாண்டில் ஏற்கெனவே எவ்வளவு அனுப்பினீர்கள் என்று உறுதிமொழி கேட்கும், எதற்கு என்ற இடத்தில் நோக்கக் குறியீடு கேட்கும். சில கிளைகளில் பழக்கத்தில் 'குடும்பப் பராமரிப்பு' என்று அவர்களே நிரப்பிவிடுவார்கள், நீங்கள் 'தனிப்பட்ட அன்பளிப்பு' என்றே போடச் சொல்லுங்கள், மகன் அங்கே காட்டும் கடிதமும் இதுவும் ஒரே பேச்சாக இருக்க வேண்டும். வீட்டுப் பத்திரத்தில் உங்கள் பெயரையும் சேர்க்கலாம் என்று மகன் பாசத்தில் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அப்புறம் அது உங்கள் வெளிநாட்டுச் சொத்து ஆகிவிடும், வருசா வருசம் கணக்கில் காட்ட வேண்டும், காட்டத் தவறினால் 2015-ஆம் வருடக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம்.

பணம் வந்த வழிக்குக் காகிதம் எடுத்து வையுங்கள்: நிலக் கிரயப் பத்திர நகல், டெபாசிட் ரசீது, மஞ்சள் விற்ற பணம் கலந்திருந்தால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து பில். செலவைப் பொறுத்தவரை, 10 லட்சம் மாற்றினால் ஜிஎஸ்டி 990 ரூபாய்தான் வரும். உண்மையான செலவு பேங்க் போடும் டாலர் ரேட்டில் ஒளிந்திருக்கிறது, கையெழுத்துப் போடும் முன் ரேட்டைக் கேட்டு, குறைக்க முடியுமா என்று மேலாளரிடம் பேசுங்கள், 10 லட்சத்துக்குப் பெரும்பாலும் கொஞ்சம் இறங்குவார்கள்.

இப்போது நீங்கள் 'பிரச்சினை இல்லை' என்று ஒரே வரியில் தாண்டிய இடம். எனக்கு உங்கள் கடிதத்தில் அதிகம் கவலை தந்தது அதுதான். அந்த 20 லட்சம் பூர்வீக நிலத்துப் பணம். உங்கள் அப்பா தாத்தா வழிச் சொத்தில் பாகப்பிரிவினை ஆகி உங்கள் பங்காக வந்த நிலம் என்றால், அதில் உங்கள் மகளுக்கு மகனுக்குச் சமமாகப் பிறப்பிலேயே பங்கு உண்டு. 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதே வந்துவிட்டது, 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சந்தேகம் இல்லாமல் உறுதி செய்துவிட்டது. கல்யாணம் ஆகிவிட்டது, நூறு பவுன் போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று என்பதெல்லாம் இந்தப் பங்கைக் கரைக்காது. சீர் வேறு, பங்கு வேறு. உங்கள் அப்பா சுயமாக வாங்கி, அவர் காலத்துக்குப் பிறகு உங்களுக்கு வந்தது என்றால் கதை மாறும், அது உங்கள் தனிச் சொத்து. மூலப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் காட்டி எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கிரயப் பத்திரத்தில் மகள் கையெழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதை இப்போதே ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், நீங்கள் மெல்போர்ன் பேங்குக்காகக் கொடுக்கப்போகும் கடிதத்தில் 'இது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்லை' என்று இருக்கும். கையெழுத்துப் போட்ட பிறகு, அது கடனாகக் கொடுத்தது, தங்கச்சி பங்கை அண்ணன் பிறகு கொடுப்பான் என்று வாய்வார்த்தையாகச் சொல்லி நிற்காது. அண்ணன் வெளிநாட்டில் வீடு வாங்கினான், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று தங்கச்சி நோட்டீஸ் அனுப்பிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் பணத்தைவிட அந்தச் சொல்லாமல் விட்டதுதான் அவர்களைக் கோர்ட் வரை கொண்டு வந்திருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை மகளையும் மாப்பிள்ளையையும் வரச் சொல்லி, மகனைப் போனில் வைத்துக்கொண்டு பேசுங்கள். மகளுக்கு எவ்வளவு, எப்போது என்று முடிவு செய்து பேங்க் வழியாகக் கொடுத்து, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் கையெழுத்து கிரயத்தில் விட்டுப்போயிருந்தால் ஒப்புதல் பத்திரம் ஒன்று பதிவு செய்துகொண்டால், நிலம் வாங்கியவருக்கும் நிம்மதி.

பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் முகம் முறிக்க வேண்டியதில்லை. அவர் மகன் அப்பாவுக்கு அனுப்ப நினைக்கும் பணத்தை அங்கிருந்து நேராக அவருடைய சாதாரண சேமிப்புக் கணக்குக்கே அனுப்பலாம், மகன் அப்பாவுக்குக் கொடுப்பதற்கு இங்கே வரி இல்லை, டிசிஎஸ் இல்லை, அவருக்கும் இந்த மாற்று தேவையே இல்லை. இந்த விவரம் அவருக்குத் தெரிந்திருக்காது, நீங்களே போய்ச் சொல்லுங்கள்.