மாலத்தீவில் ஒரு சொகுசு ரிசார்ட்டில் நான்கு இரவுகள் தங்க எப்படித் திட்டமிடுவது?

கேட்டவர் பத்தாவது திருமண நாளுக்கு மனைவியுடன் மாலத்தீவு போக நினைக்கிறார். வாட்டர் வில்லா (கடல் நீரின் மேல் தூண்களில் கட்டிய அறை) எடுக்கலாமா, எந்த மாதம் போகலாம், கடைசியில் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறார்.

அங்கே ஒரு ரிசார்ட்டின் ரிசர்வேஷன் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நம் ஊரிலிருந்து வரும் மெயில்களில் பத்துக்கு ஒன்பது "வாட்டர் வில்லா ரேட் என்ன?" என்றுதான் ஆரம்பிக்கும். அந்தக் கேள்வியைக் கடைசியில் வையுங்கள். முதலில் தீவைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதுதான் கணக்கு. 1972-இல் குரும்பாவில் முதல் ரிசார்ட் தொடங்கியதிலிருந்து பெரும்பாலும் இதே முறைதான். சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் தெருமுனைக் கடைக்குப் போக முடியாது, ஏனென்றால் தெருவே இல்லை. கடல் நன்றாக இல்லை என்றால் பக்கத்துக் கடற்கரைக்கு ஆட்டோ பிடிக்கவும் முடியாது. நான்கு நாளும் அந்த ஒரே தீவுதான். அறை சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், தீவு தவறாக அமைந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

தீவைத் தீர்மானிப்பதில் முதல் விஷயம், விமான நிலையத்திலிருந்து அங்கே எப்படிப் போகிறீர்கள் என்பது. நீங்கள் வந்து இறங்கும் வேலானா விமான நிலையமே ஹுலுலே என்ற தீவில்தான் இருக்கிறது. வடக்கு மாலே, தெற்கு மாலே அடோல்களில் (அடோல் என்றால் வளையம் போன்ற பவளத் தீவுக்கூட்டம்) உள்ள ரிசார்ட்டுகளுக்கு அங்கிருந்து ஸ்பீட்போட். கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், பெரும்பாலும் இரவிலும் ஓடும். பா, ரா, நூனு, லவியானி போன்ற தள்ளியிருக்கும் அடோல்களுக்கு சீப்ளேன், அதாவது தண்ணீரில் இறங்கும் சின்ன விமானம். தெற்கே காஃபு, அட்டு பக்கம் என்றால் உள்நாட்டு விமானம் ஏறி, இறங்கி, அப்புறம் ஒரு படகு.

சீப்ளேன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலருடைய திட்டம் குழம்புவது இங்கேதான். அது பகலில் மட்டும் பறக்கும். தண்ணீரில் இறங்க வேண்டியிருப்பதால் இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை. உங்கள் விமானம் மதியம் மூன்றரை மணிக்குள் மாலேயில் இறங்கினால்தான் அன்றைக்கே தீவுக்குப் போக முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்கு இறங்கினால் அந்த இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஹுலுமாலேயில் ஒரு ஓட்டலில்தான். ரிசார்ட்டில் அந்த இரவுக்கும் பணம் கட்டியிருந்தால் அது போனதுதான். மலிவான டிக்கெட் என்று இரவு விமானத்தை முதலில் போட்டுவிட்டு, பிறகு ரிசார்ட்டுக்கு எழுதுகிறவர்கள் நிறைய. வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: ரிசார்ட்டிடம் நேரத்தைக் கேட்டு, அதற்கேற்ப டிக்கெட்.

இன்னொன்று, சீப்ளேனுக்கு நிலையான அட்டவணை கிடையாது. யார் எந்தத் தீவுக்கு, எத்தனை மணிக்கு என்பதை முந்தைய நாள் மாலைதான் முடிவு செய்வார்கள். ஒரே விமானம் வழியில் இரண்டு மூன்று தீவுகளில் ஆளை இறக்கி ஏற்றிக்கொண்டு போகும். திரும்பும்போது உங்கள் சர்வதேச விமானம் மதியம் இரண்டு மணிக்கு என்றாலும், உங்களைக் காலை ஏழு மணிக்கே கூட்டிக்கொண்டு போகலாம். கடைசி நாள் காலையில் ஸ்பா, மசாஜ் என்று எதுவும் பதிவு செய்யாதீர்கள். பெட்டி ஒருவருக்கு 20 கிலோ, கைப்பை 5 கிலோ, அதற்கு மேல் கிலோ கணக்கில் காசு. பட்டுப்புடவையையும் மூன்று ஜோடி செருப்பையும் வீட்டிலேயே விட்டுவிடலாம்.

இவ்வளவும் சொன்னேனே தவிர, முடிந்தால் ஒருமுறையாவது அதில் போங்கள். பதினைந்து பேர் உட்காரும் ட்வின் ஆட்டர் என்ற சின்ன விமானம். இருக்கை எண் கிடையாது, முதலில் ஏறுபவருக்கு ஜன்னல். விமானிகள் இருவரும் வெள்ளைச் சட்டை, டை எல்லாம் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பார்கள். இன்ஜின் சத்தம் காதைப் பிளக்கும், அதற்காகப் பஞ்சு போன்ற காதடைப்பான் கொடுப்பார்கள். கீழே கடலில் பவளத் திட்டுகள் வட்ட வட்டமாக, நடுவில் வெளிர் பச்சை, ஓரத்தில் திடீரென்று கருநீலம். என் மனைவி முதல் ஐந்து நிமிடம் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள், அப்புறம் கேமராவை விடவே இல்லை.

இனி பணம். இணையத்தில் தெரியும் ரேட்டுக்குப் பக்கத்தில் '++' என்று இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று 10 சதவீத சேவைக் கட்டணம், இன்னொன்று சுற்றுலா ஜிஎஸ்டி. 2025 ஜூலையிலிருந்து அந்த வரி 17 சதவீதம், அதுவும் சேவைக் கட்டணத்தைச் சேர்த்த தொகையின் மேல் விழும். சுருக்கமாக, எழுதியிருக்கும் விலையை 1.287-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். மெனு கார்டில் பார்க்கும் ஜூஸுக்கும் பெரும்பாலும் இதே பெருக்கல்தான்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓர் இரவுக்கு 700 டாலர் ++ என்று வில்லா. நான்கு இரவுக்கு 2,800. பெருக்கினால் சுமார் 3,600. அப்புறம் பசுமை வரி: 2025 தொடக்கத்திலிருந்து ரிசார்ட்டில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், இருவருக்கு நான்கு இரவு என்றால் 96. ஆக 3,700. சீப்ளேன் ஒருவருக்குப் போக வர 400 முதல் 600 டாலர் வரை சாதாரணம். 500 என்று வைத்தால் இருவருக்கு 1,000. இப்போது 4,700. காலை உணவு மட்டும் அறையோடு வருகிறது, இரவு உணவையும் சேர்க்க ஆளுக்கு நாளொன்றுக்கு 100 ++ என்றால் இன்னொரு 1,030. ஆக 5,700-ஐத் தாண்டிவிட்டது. 2,800 என்று பார்த்தது இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது, இன்னும் நீங்கள் மதியம் சாப்பிடவே இல்லை! இது போக, நாட்டை விட்டுக் கிளம்பும்போது வெளிநாட்டவருக்கு எக்கானமி வகுப்பில் வரியும் விமான நிலையக் கட்டணமுமாக ஆளுக்கு 100 டாலர். அது விமான டிக்கெட்டுக்குள்ளேயே இருக்கும், தனியாகக் கட்ட வேண்டாம்.

அதனால் இரண்டு ரிசார்ட்டுகளை ஒப்பிடும்போது அறை வாடகையை ஒப்பிடாதீர்கள். "இருவருக்கு, நான்கு இரவு, போக்குவரத்து, இரவு உணவு, எல்லா வரியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" என்று ஒரே கேள்வியாக எழுதிக் கேளுங்கள். ஸ்பீட்போட்டில் போகக்கூடிய 850 டாலர் வில்லா, சீப்ளேன் தீவிலுள்ள 700 டாலர் வில்லாவைவிட மொத்தத்தில் மலிவாக வருவது சர்வ சாதாரணம். மது அருந்துவீர்கள் என்றால் சாப்பாடும் பானங்களும் எல்லாம் சேர்ந்த ஆல் இன்க்ளூசிவ் லாபம். இல்லை என்றால் காலை, இரவு உணவு மட்டும் சேர்ந்த ஹாஃப் போர்டு போதும். காலை உணவைப் பத்து மணிக்கு நிதானமாகச் சாப்பிட்டால் மதியம் பசிக்காது, பலரும் அப்படித்தான் சமாளிக்கிறார்கள், ரிசார்ட்காரர்களுக்கும் அது தெரியும்.

எந்த மாதம்? டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று, வானம் தெளிவு, கடல் அமைதி. அதிலும் பிப்ரவரி, மார்ச் அருமை. மே முதல் அக்டோபர், நவம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, மழை, விலை இறக்கம். நமக்குச் சிக்கல் என்னவென்றால் பள்ளிக்கூடக் கோடை விடுமுறையின் பெரும்பகுதி மழை தொடங்கும் நேரத்தில் வருகிறது. குழந்தைகள் இல்லாமல் இருவர் மட்டும் போவதால் உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தைத் தொடவே தொடாதீர்கள். விலை உச்சத்தில் இருக்கும், பல இடங்களில் காலா டின்னர் என்று ஒரு விருந்துக்குக் கட்டாயக் கட்டணமும் போடுவார்கள். பொங்கல் சமயத்தில் சற்று இறங்கிவிடும்.

மழைக்காலத்தை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். பா அடோலில் ஹனிஃபரு என்று ஒரு விரிகுடா இருக்கிறது. அந்த அடோலையே 2011-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. தென்மேற்குப் பருவத்தில் அங்கே மிதவை உயிரிகள் வந்து குவியும், அவற்றைத் தின்ன மாண்டா திருக்கைகள் கூட்டமாக வரும். ஆக்சிஜன் உருளையோடு முங்க அனுமதி இல்லை, மூச்சுக்குழாய் வைத்து மேலாக நீந்தும் ஸ்நார்க்கலிங் மட்டும்தான், வனக்காவலர்கள் மாதிரி ரேஞ்சர்கள் நின்று நேரத்தையும் ஆள் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்துவார்கள். அதைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ஆகஸ்டு, செப்டம்பர் சரியான காலம்.

அடுத்தது ஹவுஸ் ரீஃப், அதாவது தீவை ஒட்டியே இருக்கும் பவளப்பாறை. என்னைக் கேட்டால் ஒரு ரிசார்ட்டின் தரத்தை இதுதான் தீர்மானிக்கிறது. கரையிலிருந்து நீந்திப் போகும் தூரத்தில் பவளப்பாறை விளிம்பு இருந்தால், நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீங்களாகவே இறங்கி ஆமையையும் குட்டிச் சுறாவையும் பார்க்கலாம், பைசா செலவில்லை. விளம்பரப் படங்களில் வரும் பால் வெள்ளை மணலும் இளநீல நீரும் பெரும்பாலும் லகூன், அதாவது பவளப்பாறைக்கு உட்பக்கம் இருக்கும் ஆழமில்லாத கடல். குளிக்க நன்றாக இருக்கும், மீன் பார்க்க ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்துப் படகில் போக வேண்டும். "ரீஃப் விளிம்பு கரையிலிருந்து எத்தனை மீட்டர், எந்தப் பக்கத்தில் இறங்க வேண்டும்?" என்று கேளுங்கள். நேராகப் பதில் வந்தால் அங்கே ரீஃப் இருக்கிறது. "எங்கள் டைவ் சென்டர் தினமும் அழகான பயணங்கள் ஏற்பாடு செய்கிறது" என்று வந்தால் புரிந்துகொள்ளுங்கள். 1998-இலும் 2016-இலும் கடல் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின. அதனால் பழைய படங்களை நம்பாமல், அண்மையில் போனவர்கள் தண்ணீருக்கடியில் எடுத்த படங்களைத் தேடுங்கள். நீச்சல் தெரியாவிட்டாலும் கவலை இல்லை, லைஃப் ஜாக்கெட் மாட்டிக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

சரி, இப்போது வாட்டர் வில்லா. முதல் முறை என்றால் எடுங்கள், ஆனால் நான்கு இரவும் வேண்டாம். இரண்டு இரவு பீச் வில்லா, பிறகு இரண்டு இரவு வாட்டர் வில்லா என்று பிரித்துக் கேட்டால் பல ரிசார்ட்டுகள் ஒப்புக்கொள்கின்றன, பெட்டிகளை அவர்களே மாற்றிவைப்பார்கள். பீச் வில்லாவில் மரநிழல் உண்டு, காலையில் கதவைத் திறந்தால் கால் மணலில் படும், விலையும் குறைவு. வாட்டர் வில்லாவில் உச்சி வெயிலுக்கு டெக்கில் கால் வைக்க முடியாது, ஆனால் இரவில் படிக்கட்டு விளக்கடியில் திருக்கை வந்து சுற்றும். மேற்கே பார்த்த சன்செட் பக்கம் என்று கூடுதலாகப் பணம் கேட்பார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் அந்தப் பக்கத்தில்தான் அலையும் இரைச்சலும் அதிகம். அந்த மாதங்களில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் சன்ரைஸ் பக்கமே மேல்.

சாப்பாடு விஷயத்தில் நம்மவர்கள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். சமையலறையில் தமிழ்நாட்டுக்காரரோ கேரளக்காரரோ இலங்கைக்காரரோ யாராவது இருப்பார்கள், முன்கூட்டி எழுதிவிட்டால் ரசம்கூடக் கிடைக்கும். உள்ளூர்க் காலை உணவான மாஸ் ஹுனியைத் தவறவிடாதீர்கள்: சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை எல்லாம் பிசைந்து ரொஷியோடு, அதாவது நம் சப்பாத்தி போன்ற ஒன்றோடு. சுத்த சைவம் என்றால் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அங்கே காய்கறிக் குழம்பிலும் மாசிக் கருவாடு எட்டிப்பார்க்கும்.

சுங்கத்தில் மது, பன்றி இறைச்சி, வேப் என்ற மின்சிகரெட் எதற்கும் அனுமதி இல்லை. வழிபாட்டுச் சிலைகளுக்கும் தடை உண்டு, ஆகையால் கைப்பையில் இருக்கும் குட்டிப் பிள்ளையாரை ஊரிலேயே விட்டுவிடுங்கள். இந்தியர்களுக்கு முன்கூட்டி விசா தேவையில்லை. பயணத்துக்கு 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும், அது இலவசம். பணம் கேட்கும் தளம் வந்தால் அது அரசுத் தளம் இல்லை.

புக் செய்வதற்கு முன்பே திருமண நாள் என்று சொல்லுங்கள், பின்னால் சொன்னால் பலன் குறைவு. கேக், படுக்கையில் பூ, ஓர் இரவு விருந்து என்று ஏதாவது சேர்ப்பார்கள், சில இடங்களில் திருமணச் சான்றிதழின் நகல் கேட்பார்கள். ரிசார்ட்டின் சொந்தத் தளத்தில் ஒரு விலை, ஏஜென்டிடம் ஒரு விலை என்று இருக்கும், இரண்டையும் பாருங்கள். இந்திய ஏஜென்ட் வழியாகப் பேக்கேஜாக எடுத்தால் டிசிஎஸ் என்று முன்கூட்டியே ஒரு வரி பிடிப்பார்கள், வருமான வரி தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அங்கே கார்டு தேய்க்கும்போது உங்கள் வங்கி அந்நியச் செலாவணிக்கு எத்தனை சதவீதம் கூடுதலாக எடுக்கிறது என்பதையும் ஊரிலேயே விசாரித்துவிடுங்கள், செக் அவுட் பில்லில் அது நன்றாகவே உறைக்கும்.

கடிகாரமும் ஒரு சின்ன வம்பு. மாலே நேரம் நம்மைவிட அரை மணி பின்னால். ஆனால் பல ரிசார்ட்டுகள் விருந்தினர்களுக்கு மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று தங்கள் தீவுக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்கின்றன. கிளம்பும் நாளில் சீப்ளேன் நேரம் எந்தக் கடிகாரப்படி என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.