பளு தூக்கும் பெண் பிள்ளைகள்: வீட்டிலும் களத்திலும் கேட்கப்படும் கேள்விகள்

பெண்கள் பளுதூக்குதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 2000 சிட்னியில்தான். அந்த முதல் வாய்ப்பிலேயே கர்ணம் மல்லேஸ்வரி வெண்கலம் வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அதற்குப் பிறகு எத்தனையோ பெண் பிள்ளைகள் பாரை (எடைத் தட்டுகளை மாட்டும் கம்பி) பிடித்துவிட்டார்கள். ஆனால் அவர்களைச் சுற்றி இருப்பவர்களின் சந்தேகங்கள் அதிகம் மாறவில்லை. இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படும் கேள்விகளை எடுத்துக்கொண்டோம்.

மகளுக்கு 13 வயது. பள்ளியில் பளுதூக்குதலில் சேர்த்திருக்கிறார்கள். வளர்த்தி நின்றுவிடும், உடம்பு ஆம்பிளை மாதிரி ஆகிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு நசுங்கிவிடும் என்பதுதான் இந்தப் பயத்தின் வேர். அது நசுங்குவது விபத்தில்: தடுக்கி விழுந்தால், பயிற்சியாளர் இல்லாத நேரத்தில் தாங்காத எடையை எடுத்துப் பார்த்தால். முறையான பயிற்சியால் உயரம் குறைவதில்லை. குறைந்த எடைப் பிரிவுகளில் உயரம் குறைந்தவர்களுக்கு இயல்பாகவே அனுகூலம் உண்டு, அதனால் அவர்கள் அங்கே மேலே வருகிறார்கள். பார்ப்பவர்கள் காரணத்தையும் விளைவையும் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். சர்வதேச பளுதூக்குதல் சம்மேளனத்தின் யூத் பிரிவே 13 வயதில்தான் ஆரம்பிக்கிறது.

உடம்பு விஷயம்: ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், பெண்களிடம் இருக்கும் அளவு வயதுவந்த ஆணுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தொடையும் தோளும் உறுதியாகும், முதுகு நிமிரும். பயிற்சி பலிக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம், பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது பயிற்சியாளரை. முதல் சில வாரம் மரக்கம்பு, பிறகு வெறும் பார், அசைவு ஒரே மாதிரி வந்த பிறகு எடை. இதுதான் வரிசை. முதல் மாதத்திலேயே 'அதிகபட்சம் எவ்வளவு தூக்குவாய், பார்க்கலாம்' என்று கேட்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

அரசுப் பள்ளியில் பி.டி. ஆசிரியை. ஏழெட்டு மாணவிகள் ஆர்வமாக இருக்கிறார்கள். கையில் இருப்பது ஒரு பழைய 20 கிலோ பாரும் இரும்புத் தட்டுகளும்தான். எதை முதலில் வாங்க?

பெண்கள் பார். வேறு எதுவும் அதற்கு அப்புறம்தான்.

ஆண்கள் பார் 20 கிலோ, 28 மில்லிமீட்டர் தடிமன், 220 சென்டிமீட்டர் நீளம். பெண்கள் பார் 15 கிலோ, 25 மில்லிமீட்டர், 201 சென்டிமீட்டர். இந்த 3 மில்லிமீட்டர் சின்ன வித்தியாசம் இல்லை. பளுதூக்குதலில் கட்டைவிரலைப் பாரோடு ஒட்டி மடக்கி, அதன் மேல் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் போட்டுப் பூட்ட வேண்டும். இதை ஹூக் கிரிப் என்பார்கள். சின்னக் கைக்குத் தடித்த பாரில் பூட்டு விழாது. பிடி நழுவும் என்ற பயத்தில் பிள்ளை முழங்கையைச் சீக்கிரம் மடக்கி, கையாலேயே இழுக்கப் பழகிவிடுவாள். அந்தப் பழக்கத்தை மாற்றப் பல மாதம் ஆகும்.

அடுத்த சிக்கல் இரும்புத் தட்டின் விட்டம். போட்டித் தட்டு 45 சென்டிமீட்டர் விட்டம், அதாவது பார் தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். சின்னத் தட்டு போட்டால் பார் கணுக்கால் பக்கம் இறங்கிவிடும், அதை எடுக்கக் குனியும்போது இடுப்புக்கு மேலே முதுகு வளையும். புதுத் தட்டு வரும்வரை இரண்டு பக்கமும் மரக்கட்டையோ ரப்பர் பாயோ அடுக்கி, பாரை அந்த உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். ரப்பர் தட்டு வாங்கும்போது 5 கிலோவில் ஒரு ஜோடி, 10 கிலோவில் இரண்டு ஜோடி, கூடவே அரை கிலோ, 1 கிலோ, 2 கிலோ சின்னத் தட்டுகள் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். முழு விட்டமுள்ள 5 கிலோ ரப்பர் தட்டு மெல்லியது. அதை மட்டும் மாட்டி மேலிருந்து போட்டால் வளைந்துவிடும், கையால் பிடித்தபடியே இறக்கச் சொல்லுங்கள்.

மேடை போட்டியில் 4 மீட்டருக்கு 4 மீட்டர். பள்ளிக்கு 8 அடிக்கு 8 அடி போதும். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை இரண்டு அடுக்காக, மேல் இணைப்பும் கீழ் இணைப்பும் ஒரே இடத்தில் வராதபடி குறுக்காகப் போட்டுத் திருகுங்கள். தட்டு விழும் இரண்டு ஓரங்களில் கனமான ரப்பர் பாய். மட்டம் பார்க்காமல் விட்டால் பார் உருண்டுகொண்டே இருக்கும். கால் வைக்கும் இடத்தில் மெத்தென்ற பாய் கூடவே கூடாது, குதிகால் அமுங்கி முட்டி உள்ளே சாயும். ஓட்டப் பயிற்சி ஷூவும் அதே காரணத்தால் வேண்டாம். தட்டையான அடியுள்ள கேன்வாஸ் ஷூ ஆரம்பத்துக்கு நல்லது.

ரேஷன் அரிசிச் சாப்பாட்டு வீடு. மகள் 50 கிலோ. 'புரோட்டீன் பவுடர் இல்லாமல் முன்னேற முடியாது' என்கிறார்கள். மாலையில் சீக்கிரம் களைத்துப்போகிறாள்.

50 கிலோ உடம்புக்கு, கடும் பயிற்சியில் ஒரு நாளைக்கு 80 முதல் 100 கிராம் புரதம் போதும். மூன்று முட்டையில் 18 கிராம். 400 மில்லி பாலில் 13. காய்ந்த எடையில் 60 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12. 50 கிராம் மீல் மேக்கரில் 25. சாம்பாரில் போகும் பருப்பு 40 கிராமில் 9. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 10. கூட்டிப் பாருங்கள், பவுடர் இல்லாமலே கணக்கு முடிந்துவிட்டது. சோற்றில் வருவது இதற்கு மேல்.

தவறு பெரும்பாலும் அளவில் இல்லை, நேரத்தில். வெறும் வயிற்றோடு காலைப் பயிற்சி, அவசரத்தில் டிபன் இல்லாமல் பள்ளி, மதியம் ஒரே வேளை நிறையச் சோறு. இப்படிச் சாப்பிட்டால் மாலையில் கால் நடுங்கத்தான் செய்யும். பயிற்சிக்கு முன் வாழைப்பழமோ இரண்டு இட்லியோ, முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் முட்டையோடு சாப்பாடு. புரதத்தை நான்கு வேளையாகப் பிரியுங்கள்.

களைப்புக்கு முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 12க்கு மேலே இருந்தும் களைப்பு தீராவிட்டால் ஃபெரிட்டின் பாருங்கள், சேமிப்பில் இருக்கும் இரும்புச்சத்து அதில்தான் தெரியும். மருத்துவர் எழுதித்தரும் மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு எடுக்கலாம். டீ, காபி, பால் ஆகியவற்றை ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். டீயோடு விழுங்கினால் பாதி வீண். ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதமாவது ஆகும். பள்ளியில் தரும் நீல இரும்பு மாத்திரையையும் குடற்புழு மாத்திரையையும் தூக்கிப் போடாமல் இருக்கிறாளா என்று கேளுங்கள்.

போட்டி நாளும் மாதவிடாயும் ஒன்றாக வருகிறது. தள்ளிப்போடும் மாத்திரை போடலாமா?

முதல் முறையாகப் போட்டி வாரத்தில் போடாதீர்கள். வயிறு உப்பும், நீர் கோர்க்கும், எடை ஏறும். எடைப் பிரிவில் நிற்கும் ஆளுக்கு அதுவே பெரிய தொல்லை. வேண்டுமென்றால் இரண்டு மூன்று மாதம் முன்பே மகப்பேறு மருத்துவரிடம் பேசி, பயிற்சிக் காலத்தில் பழகிப் பாருங்கள். வலிக்கு எடுக்கும் மெஃபனாமிக் அமிலமோ இபுபுரூஃபனோ ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை. சாப்பிட்ட பிறகு எடுங்கள். காஸ்டியூமுக்கு (போட்டியில் போடும் ஒட்டிய உடை) உள்ளே இறுக்கமான அடர்நிற ஷார்ட்ஸ் போட்டால் கறை பயம் குறையும்.

இதைப் பயிற்சியாளரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரே ஒரு கிலோவில் வெண்கலத்தைத் தவறவிட்ட மீராபாய் சானு, அன்று தனக்கு மாதவிடாயின் மூன்றாம் நாள் என்று ஊடகங்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். தேதியை நோட்டில் குறித்து வைத்தால், கனமான பயிற்சி எந்த வாரம் என்று திட்டமிட உதவும். மூன்று மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால் மட்டும் 'பயிற்சியில் அப்படித்தான்' என்று விடாதீர்கள். உடம்புக்குத் தேவையான சாப்பாடு போகவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். அப்படியானால் அடுத்து எலும்பு பாதிக்கப்படும்.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கனமான எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் சிறுநீர் கசிகிறது. வயது 21, குழந்தை பெற்றதில்லை.

குழந்தை பெறாத வீராங்கனைகளுக்கும் இது வருகிறது, வெளியே சொல்வோர்தான் குறைவு. மூச்சை அடக்கி எடையைத் தாங்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் எகிறுகிறது, அதை இடுப்படித் தசை தாங்க முடியாதபோது கசிகிறது. தண்ணீரைக் குறைக்காதீர்கள், அடர்ந்த சிறுநீர் சிறுநீர்ப்பையை எரிச்சலாக்கி நிலைமையை மோசமாக்கும்.

சிறுநீரை அடக்குவதுபோல இடுப்படித் தசையை உள்ளிழுத்து 6 முதல் 8 விநாடி பிடியுங்கள், பிறகு அவ்வளவு நேரம் தளர விடுங்கள். இப்படி 8 முதல் 12 முறை, நாளைக்கு மூன்று வேளை. பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். பிடிக்கும்போது மூச்சை அடக்கினாலோ வயிற்றைப் புடைத்தாலோ எதிர்விளைவுதான். அந்தக் காலத்தில் கசிவு ஆரம்பிக்கும் எடைக்குக் கீழே வேலை செய்யுங்கள். பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்குவதும் அழுத்தத்தைக் கீழே தள்ளும். பெண்கள் நலப் பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் ஒருமுறை பாருங்கள். தசை பலவீனமா, எப்போதும் இறுகிக் கிடக்கிறதா என்று அவரால்தான் சொல்ல முடியும். இறுகிய தசைக்கு இந்தப் பயிற்சி ஒத்துவராது.

மாநிலப் போட்டிக்கு மூன்று நாள். மகள் பிரிவுக்கு மேல் 1.3 கிலோ. தண்ணீரை நிறுத்தி ஓடச் சொல்கிறார்கள், ஒரு மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள்.

மாத்திரையைத் தொடாதீர்கள். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள், ஃபுரோசமைடு உட்பட, எல்லா நேரமும் தடை செய்யப்பட்டவை. ஊக்கமருந்து எடுத்ததாகவே கணக்கு.

வளரும் பிள்ளையை மேல் பிரிவில் இறக்குங்கள். வயதுவந்த வீராங்கனை என்றால், இரண்டு நாள் கீரை, சுண்டல் போன்ற நார் மிகுந்தவற்றையும் உப்பையும் குறைத்தாலே குடலில் தங்குவது குறைந்து கொஞ்சம் இறங்கும். எடை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பு தொடங்கி ஒரு மணி நேரம் நடக்கும். வற்றிப்போன உடம்பை அந்த இடைவெளியில் மீட்க முடியாது. மல்யுத்தத்தில் வினேஷ் போகாட் பாரிஸில் 100 கிராமுக்காகத் தகுதி இழந்ததை நாடே பார்த்தது. எடைப் பிரிவைப் போட்டிப் பருவத்தின் தொடக்கத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

பிசிஓடி-க்கு (சினைப்பை நீர்க்கட்டி) மாத்திரை சாப்பிடுகிறேன். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்குமா?

எது என்பதைப் பொறுத்தது. மெட்ஃபார்மினால் பிரச்சினை இல்லை. கருத்தடை மாத்திரையும் அப்படியே. ஆனால் முகப்பருவுக்கும் தேவையற்ற முடிக்கும் எழுதப்படும் ஸ்பைரோனோலாக்டோன் தடைப் பட்டியலில் இருக்கிறது. கருத்தரிக்கத் தரும் குளோமிஃபீன், லெட்ரோசோல் இரண்டும் அப்படித்தான். மருத்துவர் வேறு மருந்து தர முடியாது என்றால், போட்டிக்கு முன்பே நாடா எனும் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பிடம் சிகிச்சைக்கான விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். சளிக்கு வாங்கும் மாத்திரையில் சூடோஎபிட்ரின் இருந்தால் போட்டி நேரத்தில் அதுவும் ஆபத்து. 'டாக்டர்தான் கொடுத்தார்' என்பது அங்கே செல்லாது.

இறுக்கமான காஸ்டியூம் போட வீட்டில் சம்மதிக்கவில்லை.

2011 முதல் விதி இடம் கொடுக்கிறது. காஸ்டியூமுக்கு உள்ளே கை, கால் முழுக்க மூடும் உடை அணியலாம். நடுவர்களுக்கு முழங்கை, முட்டி நிமிர்ந்தது தெரியும்படி உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெளியூர் போட்டிக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது.

நேரடியாகக் கேளுங்கள்: கூடப் போகும் பெண் அலுவலர் யார், எங்கே தங்கல், அறையில் யார் யார், ரயில் எது. எழுத்தில் வாங்குங்கள். பயிற்சியாளர் தனியாக அறைக்கு அழைப்பதோ, இரவில் தனிச் செய்தி அனுப்புவதோ எந்தக் காரணத்துக்கும் சரியில்லை. நிலையைத் திருத்தக் கை வைக்கும் முன் கேட்க வேண்டும். கம்பால் தொட்டுக் காட்டியே பெரும்பாலானவற்றைத் திருத்திவிடலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் 1098, பெண்கள் உதவிக்கு 181. இரண்டையும் மகளின் போனில் பதிந்து கொடுங்கள்.

எங்கள் ஊர்ப் பெண் மாநிலப் பதக்கம் வாங்கியிருக்கிறாள். பாராட்டு விழா எடுக்கிறோம். உருப்படியாக என்ன செய்யலாம்?

மேடையில் அவள் தூக்கிய எடையைச் சொல்லுங்கள். ஸ்னாட்சில் (ஒரே இழுப்பில் தலைக்கு மேல்) எவ்வளவு, கிளீன் அண்ட் ஜெர்க்கில் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) எவ்வளவு, தன் எடைக்கு எத்தனை மடங்கு. டோக்கியோவில் 49 கிலோ பிரிவில் நின்ற மீராபாய் 87ம் 115ம் தூக்கி 202 கிலோவுக்கு வெள்ளி வாங்கினார். 115 என்பது அவர் எடையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். சிட்னியில் மல்லேஸ்வரி 110ம் 130ம், மொத்தம் 240. கடைசி முயற்சியில் 137.5 வைத்தார், அது ஏறியிருந்தால் தங்கம். இப்படிச் சொன்னால்தான் கூட்டத்தில் இருக்கும் பத்து வயதுச் சிறுமிக்கு அந்த உழைப்பு புரியும். 'பெண்ணாக இருந்தும்' என்ற வார்த்தை மட்டும் யார் வாயிலிருந்தும் வர வேண்டாம்.

சால்வைக்கும் ஷீல்டுக்கும் போகிற பணத்தில் பளுதூக்கும் ஷூ வாங்கலாம். கெட்டியான அடி, உயர்ந்த குதிகால், மேலே இறுக்கும் பட்டை. அளவை அவளையே கூட்டிப்போய்ப் பாருங்கள், மாலையில், பயிற்சிக்குப் போடும் சாக்ஸோடு. பெரிதாக வாங்கி 'வளருவாள்' என்றால் கால் உள்ளே வழுக்கும். பணமாகத் தந்தால் அவள் பெயரில் உள்ள கணக்கில் போடுங்கள். தூக்கும் வீடியோவை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடும் முன் அவளிடம் கேளுங்கள்.

இன்னொன்று, யாரும் நினைக்காதது: சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பள்ளிச் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா? தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கும்போது ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அலைய வேண்டியிருக்கும். திருத்த வேண்டியிருந்தால் சங்கத்தில் இப்போதே எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போட்ட நிர்வாகிகள் பதவியில் இருக்கும்போதே.