விடியற்காலை நாலு மணிக்கு வரும் யானை

கேள்வி: எங்களுக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். பையனுக்கு ஐந்து வயது. ராகி அறுப்பு முடியும் வரை வீட்டுக்காரர் ராத்திரி யானைக் காவலுக்குக் கொல்லையில் கட்டிய பரணுக்குப் போய்விடுவார். ஒரு மாதமாக வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடியற்காலை நாலு மணி வாக்கில் பையன் எழுந்து உட்கார்ந்து "ஆனை, அப்பா, ஆனை" என்று அழுகிறான். மாமியார் மந்திரித்துத் தாயத்துக் கட்டியிருக்கிறார். வீட்டுக்காரர் "ஆம்பளப் புள்ள இப்படிப் பயப்படலாமா" என்கிறார். நான் "ஆனையெல்லாம் வராதுடா, படு" என்கிறேன், அடங்குவதில்லை. போன வருடம் வேறு மாதிரி இருந்தது. படுத்த ஒன்றரை மணி நேரத்தில் கண்ணைத் திறந்தபடி கத்துவான், என்னையே அடையாளம் தெரியாது, காலையில் கேட்டால் ஒன்றும் ஞாபகம் இருக்காது. டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

பதில்: போன வருடத்துக் கதையை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அது கனவே இல்லை. தூங்கிய முதல் சில மணி நேரத்தில், ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி மட்டும் விழித்து அலறுவது அது. கண் திறந்திருக்கும், பிள்ளை தூங்கிக்கொண்டுதான் இருக்கும். உலுக்கி எழுப்பக் கூடாது, எங்கேயும் முட்டிக்கொள்ளாமல் பக்கத்தில் இருந்தால் போதும், சில நிமிடத்தில் தானாகப் படுத்துக்கொள்ளும். வளர வளரப் பெரும்பாலும் போய்விடும். இப்போது வருவதுதான் கெட்ட கனவு. கனவு காணும் தூக்கம் ராத்திரியின் பின்பாதியில்தான் அதிகம், அதனால்தான் நாலு மணி. முழுசாக விழித்துக்கொள்கிறான், உங்களைத் தெரிகிறது, என்ன கண்டான் என்று சொல்கிறான். மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள் இது நிறையப் பிள்ளைகளுக்கு வருவதுதான், பையனிடம் கோளாறு ஒன்றும் இல்லை.

சரி, யானைக்கு வருவோம். கட்டிலுக்கு அடியில் பூதம் என்று அழும் பிள்ளையிடம் "பூதமே கிடையாது" என்று சொல்லலாம். ஜவளகிரிக் காட்டு வழியாக யானைக் கூட்டம் இறங்குகிற ஊரில், வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டே தூங்குகிற பிள்ளையிடம், காலையில் மிதிபட்ட ராகிக் கொல்லையைக் கண்ணால் பார்த்த பிள்ளையிடம் "ஆனையெல்லாம் வராது" என்று சொன்னால் அவன் எப்படி நம்புவான்? அம்மாவுக்கு விஷயம் தெரியவில்லை, தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இன்னும் பயப்படுவான்.

இன்னொன்று, நீங்களே எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். அவன் அழுவது "ஆனை, அப்பா, ஆனை" என்று. நடுவில் அப்பா இருக்கிறார். யானை வீட்டுக்கு வந்துவிடும் என்று அவன் பயப்படுகிறான் என நீங்கள் எல்லோரும் நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ அவன் பயம் தனக்காக இல்லை, பரணில் இருக்கிற அப்பாவுக்காக என்று தோன்றுகிறது. அவனைக் கேட்டுப் பாருங்கள், ஆனால் ராத்திரி வேண்டாம், பகலில், பல் விளக்கும்போதோ மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதோ. "கனவுல ஆனை என்ன பண்ணுச்சு? அப்பா எங்க இருந்தாரு?" அவ்வளவு போதும், துருவ வேண்டாம்.

நான் பாலக்கோடு பக்கம் பிறந்தவள். ஆறு வயதில் தெருக்கூத்தில் இரணியனைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் தூங்கவில்லை. பாட்டி திட்டவும் இல்லை, மந்திரிக்கவும் இல்லை. அடுத்த கூத்து நடந்தபோது விடிந்ததும் என்னை இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனாள். இரணியன் ஒரு முக்காலியில் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தடவிப் பழந்துணியால் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான், பாதி முகம் சிவப்பு, பாதி முகம் எங்கள் ஊர் பால்காரர் மாதிரி. வாயில் பீடி. என்னைப் பார்த்து "டீ குடிச்சியா பாப்பா" என்றான். அதோடு சரி.

உங்கள் பையனுக்கும் பகலில் பரணைக் காட்டச் சொல்லுங்கள், அப்பாவே தூக்கி ஏற்றி உட்கார வைக்கட்டும். எவ்வளவு உயரம், எத்தனை பேர் சேர்ந்து காவல் இருக்கிறார்கள், யானை வந்தால் யார் யாருக்குப் போன் பண்ணுவார்கள் என்று சொல்லட்டும். அப்புறம் வீட்டில் ஒரு பேப்பரும் கலர் பென்சிலும் கொடுத்துக் கனவை வரையச் சொல்லி, முடிவை மட்டும் அவன் இஷ்டத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். டாக்டர்களும் சொல்லித் தருகிற வழிதான் இது. எங்கள் பக்கத்து வீட்டுப் பாப்பா கனவில் துரத்திய நாய்க்கு ஜலதோஷம் வர வைத்துவிட்டாள், குரைக்க முடியாமல் தும்மிக்கொண்டே திரும்பிப் போய்விட்டதாம். முடிவை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள், அது அவனுடையதாக இருக்க வேண்டும்.

தாயத்து இருக்கட்டும். பாட்டி விபூதி பூசித் தலையைத் தடவுவதில் ஒரு தைரியம் உண்டு. கழுத்தில் கயிறு மட்டும் தூங்கும்போது வேண்டாம், சுற்றிக்கொள்ளும். "சாப்பிடலன்னா ஆனைகிட்ட புடிச்சிக் குடுத்துருவேன்" என்று யாராவது சோறு ஊட்டினால் (முக்கால்வாசி வீட்டில் நடப்பதுதான்) இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் யானை துரத்துகிற வீடியோவும் அவன் கண்ணில் படக் கூடாது. இந்த வயதுக்குப் பத்து மணி நேரமாவது தூக்கம் வேண்டும், குறைந்தால் கனவு இன்னும் மோசமாகும். வீட்டுக்காரரிடம், ஐந்து வயதில் பயத்துக்கு ஆம்பளை பொம்பளை கிடையாது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

டாக்டர்? இப்போதைக்கு அவசரமில்லை. இரண்டு மூன்று மாதமாகியும் குறையவில்லை, பகலிலும் பயந்து ஒட்டிக்கொண்டே இருக்கிறான், தூங்கும்போது கை கால் விறைத்து வெட்டுகிறது, மூச்சு அடைத்து அடைத்துக் குறட்டை விடுகிறான், நின்று போன படுக்கை நனைப்பு திரும்ப வருகிறது, குறிப்பிட்ட ஓர் ஆளைக் கண்டு மிரள்கிறான், இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் குழந்தை டாக்டரிடம் போங்கள். முதலில் போனில் யோசனை மட்டும் கேட்க வேண்டுமென்றால் அரசு மருத்துவ உதவி எண் 104, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டுக்கும் காசில்லை.

கொல்லை வீட்டிலிருந்து தெரிகிற தூரம் என்றால் ஒரு வேலை செய்யுங்கள். அவன் படுக்கப் போகும்போது அப்பா பரணிலிருந்து டார்ச்சை வீட்டுப் பக்கம் மூன்று தடவை அடிக்கட்டும், இவனும் வாசலில் நின்று ஒரு டார்ச்சால் பதிலுக்கு அடிக்கட்டும். தெரியாத தூரம் என்றால் போன். காலையில் இறங்கி வந்ததும் காபிக்கு முன்னால் அவனுக்கு முகத்தைக் காட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள். அதற்கு நடுவில் நாலு மணிக்கு எழுந்து அழுதால், மடியில் போட்டுக்கொண்டு "அப்பா டார்ச் அடிச்சாரே, பாத்த இல்ல? இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துருவாரு" என்று சொல்லுங்கள்.