கர்ட் வார்னர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இந்த முறை கர்ட் வார்னரின் ஆட்ட வாழ்க்கை பற்றி மட்டும். 1998 முதல் 2009 சீசன் வரை அமெரிக்க ஃபுட்பாலின் பெரிய லீக்கான என்.எஃப்.எல்.-இல் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். அந்த லீக்கின் இறுதிப் போட்டிதான் சூப்பர் பவுல். பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று ஓரிரு நொடிகளில் முடிவு செய்கிற வேலை அது. பந்தயம் கட்டத் துப்பு கேட்பவர்கள் வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: மளிகைக் கடையில் சாமான் அடுக்கியவர் நேரே போய் சூப்பர் பவுல் ஜெயித்தார் என்கிறார்களே, உண்மையா?

"நேரே" என்பதைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. அந்த ஒரு சொல்லில்தான் ஐந்து வருடங்கள் காணாமல் போகின்றன.

நார்தர்ன் அயோவா பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு வரை அவர் பெஞ்சில்தான் இருந்தார். 1994 டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஏழு சுற்றிலும் அவரை ஒரு அணியும் எடுக்கவில்லை. கிரீன் பே பேக்கர்ஸ் அணி பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டது. அங்கே பிரெட் ஃபேவ், மார்க் புருனெல், டை டெட்மர் என்று ஏற்கெனவே மூன்று குவார்ட்டர்பேக்குகள். சீசன் தொடங்கும் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம்தான் சீடர் ஃபால்ஸ் ஊரில் ஹை-வீ கடையில் இரவு வேலை, மணிக்கு ஐந்தரை டாலர்.

1995-லிருந்து மூன்று சீசன் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் அணிக்கு அரீனா ஃபுட்பால் ஆடினார். உள்ளரங்கில் நடக்கும் ஆட்டம். மைதானம் 50 யார்டுதான், அணிக்கு எட்டுப் பேர், ஓரத்தில் மெத்தை வைத்த சுவர். இடம் குறைவு என்பதால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க முடியாது. வார்னரின் வேகமான எறிதல் அங்கே பழுத்தது என்பது என் கணிப்பு. 1996, 1997 இரண்டு ஆண்டும் அணி இறுதிப் போட்டி வரை போய்த் தோற்றது. 1998-ல் ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸ் அணிக்கு ஆடி, அந்த ஐரோப்பிய லீக்கிலேயே அதிக யார்டு (எறிதலால் அணி முன்னேறிய தூரம்) எறிந்தார். பிறகே என்.எஃப்.எல். அணியான செயின்ட் லூயிஸ் ராம்ஸ். அங்கும் முதல் வருடம் ஒரே ஒரு ஆட்டத்தில் தலைகாட்டினார். 1999-ல் புதிதாக வந்த கிளீவ்லண்ட் அணிக்காக மற்ற அணிகள் விட்டுக்கொடுக்கும் வீரர்களின் பட்டியலில் ராம்ஸ் இவர் பெயரையும் போட்டது. கிளீவ்லண்டும் எடுக்கவில்லை.

தயவுசெய்து "அலமாரியிலிருந்து சூப்பர் பவுலுக்கு" என்று எழுதாதீர்கள்.

கேள்வி: 1999-ல் வாய்ப்பு எப்படி வந்தது?

ராம்ஸின் முதல் குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீனுக்கு ஆகஸ்ட் மாதப் பயிற்சி ஆட்டத்தில் முழங்கால் போனது. முந்தைய ஆண்டு 4 வெற்றி, 12 தோல்வி என்றிருந்த அணி வார்னரை இறக்கி 13 வெற்றி கண்டது. 41 டச்டவுன் எறிந்தார், அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் எறிதல்கள். அதற்கு முன் ஒரு சீசனில் நாற்பதைத் தொட்டவர் டேன் மரீனோ மட்டும்தான். சூப்பர் பவுலில் டென்னசி டைட்டன்ஸை 23-16 என்று வென்றார்கள். வார்னர் எறிந்தது 414 யார்டு, அப்போது அது சாதனை. கடைசி நொடியில் டைட்டன்ஸின் கெவின் டைசனை எல்லைக்கோட்டுக்கு ஒரு யார்டு தூரத்தில் ராம்ஸ் தடுப்பாட்டக்காரர் மைக் ஜோன்ஸ் பிடித்து வீழ்த்தியிருக்காவிட்டால் கதை மாறியிருக்கலாம். தடுப்பாட்டக்காரர்களை யார் நினைவில் வைக்கிறார்கள்?

கேள்வி: கடையில் அவருக்கு எவ்வளவு சம்பளம்?

மேலே இருக்கிறது.

கேள்வி: சிலந்தி கடித்ததால் வாய்ப்பு போனதாமே?

ஆமாம். 1997-ல் தேனிலவுக்குப் போன இடத்தில் முழங்கையில் கடித்தது. சிகாகோ பேர்ஸ் அணியின் ஆள் தேர்வுக்குப் போக முடியவில்லை.

கேள்வி: மார்ஷல் ஃபாக், ஐசக் புரூஸ், டோரி ஹோல்ட், ஒர்லாண்டோ பேஸ் மாதிரி ராம்ஸ் நட்சத்திரங்கள் எல்லாம் கூட இருந்தால் யார் எறிந்தாலும் ஜெயிக்கலாம். 2002-ல் வார்னர் தொடங்கிய ஆறு ஆட்டமும் தோல்வி. அவருக்குப் பதில் குவார்ட்டர்பேக்காக மார்க் பல்ஜர் வந்ததும் வெற்றி. 2003-ல் பல்ஜரோடு 12 வெற்றி. இவரை எதற்குக் கொண்டாட வேண்டும்?

இன்று வந்ததிலேயே உருப்படியான கேள்வி. உங்கள் கணக்கு சரி. ஆனால் 2002-ல் அவருடைய எறியும் கையில் விரல் முறிந்தது. 2003 முதல் ஆட்டத்தில் ஆறு முறை பந்தை நழுவவிட்டு, தலையிலும் அடிபட்டு உட்கார்ந்தார். 2004-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ். 5 வெற்றி, 4 தோல்வியில் இருந்தபோதே புதுப்பையன் குவார்ட்டர்பேக் ஈலை மேனிங்குக்கு இடம் கொடுக்க வைத்தார்கள்.

பிறகு அரிசோனா கார்டினல்ஸ். 2008-ல், 37 வயதில், 4,583 யார்டு எறிந்து அந்த அணியை அதன் முதல் சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனார். 1947-க்குப் பிறகு சொந்த மைதானத்தில் பிளே ஆஃப் (சீசன் முடிந்து நடக்கும் நாக் அவுட்) ஆட்டமே பார்க்காத அணி அது!

அதே நண்பர்: அங்கேயும் எறிவதைப் பிடிக்க லாரி ஃபிட்ஸ்ஜெரால்டும் போல்டினும் இருந்தார்களே?

2005, 2006-லும் இருந்தார்கள். இரண்டு ஆண்டும் 11 தோல்வி. நீங்கள் சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: அந்தத் தோல்விகளில் பல வார்னர் தொடங்கிய ஆட்டங்கள். நல்ல ஆட்கள் கூட இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் அதுவே சாட்சி. அவர் அதிசயப் பிறவியும் இல்லை, ஓசிப் பயணியும் இல்லை. கடைசி நொடிவரை பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதனால் பெரிய எறிதல்களும் வரும், எலும்பு நொறுங்கும் அடிகளும் வரும். அவரைக் காக்கும் முன்வரிசை தாங்கினால் அவரைத் தடுக்க ஆளில்லை. பல்ஜர் நல்ல ஆட்டக்காரர், ஆனால் சூப்பர் பவுலை எட்டவில்லை. வார்னர் இரண்டு அணிகளோடு மூன்று முறை போனார்.

இன்னொருவர்: குவார்ட்டர்பேக் என்றால் டாம் பிரேடிதான் ஒசத்தி.

இங்கே யாரும் மறுக்கவில்லையே. 2002 பிப்ரவரியில் சூப்பர் பவுலில் வார்னரை 20-17 என்று தோற்கடித்துத்தான் அவரும் தொடங்கினார். விடுங்கள்.

கேள்வி: கடை வேலையிலிருந்து ஒரே வருடத்தில்…

இல்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: டெக்சஸில் இருக்கிறோம். பையனுக்கு 12 வயது, இந்த ஆட்டத்தில் சேரலாமா?

தலைக்காயம் பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம். வீழ்த்துதல் இல்லாத ஃபிளாக் ஃபுட்பால் இருக்கிறது, அதையும் விசாரியுங்கள்.

கேள்வி: சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் உடனே எடுத்தார்களா?

2010 ஜனவரியில் ஓய்வு. ஐந்து ஆண்டுக் காத்திருப்பு விதி உண்டு. 2017-ல், மூன்றாவது முறையில் கிடைத்தது. மேலே நாம் போட்ட சண்டையைத்தான் அவர்களும் போட்டிருப்பார்கள்.

கேள்வி: ஒரே ஒரு ஆட்டம் பார்ப்பதென்றால்?

சூப்பர் பவுல் எதையும் சொல்ல மாட்டேன். 2010 ஜனவரி 10, அரிசோனா 51, கிரீன் பே 45, கூடுதல் நேரம். 33 எறிதலில் 29 சரியாகப் போய்ச் சேர்ந்தன, அவற்றில் ஐந்து டச்டவுன். தவறியவை நான்கே நான்கு. எதிரணியின் குவார்ட்டர்பேக் ஏரன் ராஜர்ஸ், அந்த அணி பதினாறு வருடம் முன்பு இவரை வீட்டுக்கு அனுப்பிய அதே அணி. ஜெயித்த புள்ளிகளை எடுத்தது மட்டும் தடுப்பாட்டக்காரர் கார்லோஸ் டான்ஸ்பி. அவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.